மிஜ்பில் என்ற நீர்நாயின் கதையை ஆழமாகப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலான ஃபர்ஸ்ட் ஃப்ளைட்டில் மிஜ்பில் என்ற நீர்நாயின் கதை இருக்கிறது. எழுதியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கேவின் மேக்ஸ்வெல். ஈராக்கில் தனக்குக் கிடைத்த மிஜ்பிலை, செல்லமாக மிஜ்ஜை, விமானத்தில் லண்டனுக்குக் கொண்டுவந்ததை இதில் சொல்கிறார். மாணவர்களில் நிறையப் பேர் இதை ஒரு ஜாலியான பாடமாக நினைத்து, ஒரு தடவை புரட்டிவிட்டு நேராக நோட்ஸுக்குப் போய்விடுகிறார்கள். நோட்ஸில் "ஆசிரியருக்கும் நீர்நாய்க்கும் இடையே ஆழ்ந்த பாசம் இருந்தது" என்று ஒரு வரி இருக்கும். தப்பான வரி இல்லை. ஆனால் பாடத்தில் அப்படி நேராகச் சொல்லும் இடத்தைத் தேடிப் பாருங்கள், சிக்காது. மேக்ஸ்வெல் பாசத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மிஜ் எங்கே படுத்தது, எதைத் திறந்தது, எங்கே ஓடியது, யாரிடம் திரும்பி வந்தது என்று மட்டும் எழுதிக்கொண்டே போகிறார். பாசத்தைக் கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது.

அந்த வேலையைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. மாணவர்களுக்கு உதவும், வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் டியூஷன் எடுப்பவர்களுக்கும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக உதவும்.

முதல் படி: நோட்ஸை மூடிவைத்து ஒரே மூச்சில் வாசியுங்கள்

அகராதி வேண்டாம், அடிக்கோடு வேண்டாம். தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போங்கள். முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாளில் இரண்டே விஷயம் எழுதுங்கள்: எங்கே சிரிப்பு வந்தது, எங்கே மனசு ஒரு மாதிரி ஆனது. பெரும்பாலானோர் முதல் கேள்விக்கு விமானத்தில் ஓடும் மிஜ்ஜைப் பார்த்து ஒரு பெண்மணி எலி, எலி என்று கத்துவதை எழுதுவார்கள். இரண்டாவதற்கு, மிஜ்ஜை அடைத்த பெட்டியின் துளைகள் வழியே ரத்தம் கசிந்து காய்ந்திருக்கும் இடம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பக்கம்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அவ்வளவு பக்கத்தில் ஏன் வைத்தார் என்ற கேள்வியை மனதில் போட்டு வையுங்கள், ஆறாவது படியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: இது எதிலிருந்து வெட்டி எடுத்த துண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது தனிச் சிறுகதை இல்லை. ரிங் ஆஃப் பிரைட் வாட்டர் என்று 1960இல் வெளிவந்த புத்தகத்தின் ஒரு பகுதி. கற்பனையும் இல்லை, மேக்ஸ்வெல்லின் சொந்த வாழ்க்கை. அவர் 1914இல் பிறந்து 1969இல் இறந்தவர். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில், ஸ்கை தீவுக்கு எதிரே, ஒரு தனித்த வீட்டில் வாழ்ந்தார். அந்த இடத்தின் உண்மைப் பெயர் சான்டைக். ஆட்கள் தேடி வந்துவிடக் கூடாது என்று புத்தகத்தில் கேமஸ்ஃபியர்னா என்று மாற்றி எழுதினார். தேடி வரத்தான் செய்தார்கள், அது வேறு கதை.

அவர் வளர்த்த ஜானி என்ற நாய் இறந்துபோகிறது. இன்னொரு நாயை வளர்க்க மனம் வரவில்லை; தனியாக இருக்கவும் முடியவில்லை. அப்போதுதான் நாய்க்குப் பதில் நீர்நாய் வளர்த்தால் என்ன என்ற எண்ணம் வருகிறது. பாடத்தின் முதல் பத்தியில் இந்த எண்ணத்தை ஒரு பரிசோதனை என்ற தொனியில் சொல்வார். அந்தத் தொனிக்கு அடியில் ஒரு இழப்பு இருக்கிறது என்று தெரிந்து வாசித்தால் முதல் பத்தி வேறு மாதிரிக் கேட்கும்.

1956இன் தொடக்கத்தில் தெற்கு ஈராக்குக்குப் போகிறார். கூடப் போன நண்பர் வில்ஃப்ரெட் தெசிஜர். அரேபியப் பாலைவனத்தைக் கடந்தவர், ஈராக்கின் சதுப்பு நிலத்து மக்களோடு ஆண்டுக்கணக்கில் தங்கியவர். பாடத்தில் பெயரில்லாமல் வெறும் நண்பராக வருபவர் இவர்தான். நீர்நாய் வேண்டுமானால் டைகிரிஸ் சதுப்பு நிலத்தில் கிடைக்கும், அங்கே அவை கொசு மாதிரி மலிந்து கிடக்கின்றன, அரபு மக்களே பழக்கி வைத்திருக்கிறார்கள் என்று யோசனை சொன்னவர்.

பாடநூல் விட்டுவிட்ட ஒரு விஷயமும் உண்டு. மிஜ்பிலுக்கு முன்பே அந்தப் பயணத்தில் சஹாலா என்ற ஒரு நீர்நாய்க் குட்டி மேக்ஸ்வெல்லுக்குக் கிடைத்தது. கொஞ்ச நாளில் செத்துப்போனது. மிஜ்பில் இரண்டாவது. இதைத் தேர்வில் எழுத வேண்டியதில்லை. ஆனால் மிஜ்பிலைக் கொண்டுவந்த சாக்குப் பையைத் திறக்கும் காட்சியில் அவ்வளவு பரபரப்பு ஏன் என்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாம் படி: வழித்தடத்தை வரையுங்கள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சதுப்பு நிலம், பாஸ்ரா, விமானம், பாரிஸ், லண்டன், கேமஸ்ஃபியர்னா என்று ஒரு கோடு போடுங்கள். பாடம் லண்டன் தெருவிலேயே முடிந்துவிடுகிறது. நீர்நாயின் வீடாக முதல் பத்தியில் அவர் தேர்ந்தெடுத்த கேமஸ்ஃபியர்னாவுக்குப் பாடம் போய்ச் சேர்வதே இல்லை. மிஜ்பில் ஸ்காட்லாந்தில் என்ன செய்தது என்று பாடத்தை வைத்து எழுதும் மாணவர்கள் இருக்கிறார்கள். அது நோட்ஸ் படித்ததன் விளைவு.

பாஸ்ராவில் தபாலுக்காகக் காத்திருக்கும் பகுதியை அலுப்பாக நினைத்துத் தள்ளிவிட வேண்டாம். நண்பருக்குத் தபால் வந்துவிட்டது, இவருக்கு வரவில்லை. தொலைபேசியில் பேச 24 மணி நேரம் முன்னால் பதிவு செய்ய வேண்டும். முதல் நாள் லைன் பழுது, அடுத்த நாள் மத விடுமுறை, மூன்றாம் நாள் மறுபடியும் பழுது. இந்த வரிசை சிரிக்க வைப்பதற்கு மட்டும் இல்லை. தபால் கடைசியில் வந்து சேரும்போது, அதைப் படிக்க அறைக்குப் போகும்போதுதான், தரையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு அராபியர்களையும் நெளியும் சாக்கையும் பார்க்கிறார். அதற்குப் பிறகு அந்தத் தபாலில் என்ன இருந்தது என்று பேச்சே இல்லை.

நான்காம் படி: தூரக் கணக்கு எழுதுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, நேரம் கொடுத்துச் செய்யுங்கள். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் எப்போது என்றும் வலது பக்கம் மிஜ் மேக்ஸ்வெல்லிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்றும் எழுதுங்கள். பாடத்தில் உள்ளதை மட்டும் எழுத வேண்டும். உணர்ச்சிச் சொல் ஒன்றுகூடக் கூடாது.

முதல் இருபத்து நான்கு மணி நேரம்: கட்டிலிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, தரையில் தூக்கம். பகையும் இல்லை, நட்பும் இல்லை என்று மேக்ஸ்வெல் சொல்கிறார். பகை இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். சாக்கில் அடைத்து, முன்பின் தெரியாத அறையில் கொண்டுவந்து விட்ட ஒரு காட்டு விலங்கு கடிக்கவில்லை, ஒளியவில்லை, கண்டுகொள்ளவே இல்லை.

இரண்டாம் இரவு: விடியும் முன் தானாகக் கட்டிலில் ஏறி அவர் முழங்காலின் வளைவில் சுருண்டு படுக்கிறது. வேலையாள் காலையில் தேநீர் கொண்டுவரும் வரை அங்கேயே. இந்த இரண்டு இரவுகளுக்கும் இடையே என்ன நடந்தது? பாடம் சொல்லவில்லை. மேக்ஸ்வெல் உணவால் மயக்கியதாகவோ, கொஞ்சியதாகவோ ஒரு வரியும் இல்லை. மிஜ்தான் முடிவெடுக்கிறது. வளர்ப்பு விலங்குக் கதைகளில் வழக்கமாக மனிதன்தான் விலங்கின் மனதை வெல்வான். இங்கே அடியெடுத்து வைப்பது விலங்கு. என்னைக் கேட்டால் பாடத்திலேயே மிக நுட்பமான இடம் இதுதான். கேள்வித்தாளில் இதைக் கேட்பதில்லை என்பதால் யாரும் நிற்பதும் இல்லை.

அப்புறம் வார் கட்டிக் குளியலறைக்கு. அடுத்து வார் இல்லாமலே பின்னால் வருகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறது. வார் என்பதும் ஒரு தூரம்தான், மனிதன் அளந்து கொடுக்கும் தூரம். அது கழன்ற பிறகும் தூரம் கூடவில்லை.

இதற்கு எதிர்த் திசையில் ஒரு பதிவும் வர வேண்டும். இரண்டு நாள் கழித்து மிஜ் அறையை விட்டு ஓடுகிறது. வாலை மட்டும் பார்த்துப் பின்தொடரும் மேக்ஸ்வெல் அதைக் குளியல் தொட்டிக் குழாயருகே பார்க்கிறார். ஓடியது அவரிடமிருந்து இல்லை, தண்ணீரை நோக்கி. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எழுதுங்கள். விமானத்தில் இதே கேள்வி மறுபடியும் வரும்: ஓடுவது எதை விட்டு, எதை நோக்கி?

விமானத்தில்: கண்ணிமைக்கும் நேரத்தில் பெட்டியிலிருந்து வெளியே, விமானத்தின் நீளம் முழுக்க ஓட்டம். மேக்ஸ்வெல் பாய்ந்து பிடிக்கப் பார்த்து முகமெல்லாம் கறிக்குழம்போடு தோற்கிறார். பணிப்பெண் தேடித் தருவதாகச் சொல்லி அவரை இருக்கைக்கு அனுப்புகிறார். கடைசியில் யாரும் பிடிக்கவில்லை. அவர் காலடியில் அதுவே வந்து குரல் கொடுத்து, மடியில் தாவி, முகத்திலும் கழுத்திலும் மூக்கை உரசுகிறது. கணக்கின் கடைசி வரி: தூரம் பூஜ்யம்.

இப்போது இந்தத் தாளைப் பார்த்து, "பாசம் எப்படி வளர்ந்தது" என்ற கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். நோட்ஸ் வரி தானாகவே காணாமல் போய்விடும்.

ஐந்தாம் படி: பார்த்ததையும் ஊகித்ததையும் பிரியுங்கள்

மேக்ஸ்வெல் இயற்கையியலாளர். அதனால் அவர் வாக்கியங்கள் இரண்டு வகை: கண்ணால் பார்த்தது, அதிலிருந்து முடிவு கட்டியது. இரண்டையும் வேறு வேறு நிறத்தில் குறியுங்கள்.

ஒரு நிமிடத்துக்குள் குழாயைத் திருகித் தண்ணீர் வரவழைத்தது, பார்த்தது. தேங்கி நிற்கும் தண்ணீர் நீர்நாய்க்கு எரிச்சலூட்டும் என்பது, முடிவு. அதோடு அவர் நேர்மையாக ஒரு அடைப்புக்குறிக்குள் சொல்கிறார்: அன்று சரியான பக்கம் திருகியது அதிர்ஷ்டம், பிறகு சில நாள் தப்பான பக்கம் திருகிக் குழாயை இன்னும் இறுக்கிவிட்டுக் கோபத்தில் கத்தும். மிஜ்பில் புத்திசாலி என்று எழுதும் மாணவர்கள் இந்த அடைப்புக்குறியை விட்டுவிடுகிறார்கள். சேர்த்து எழுதினால் பதில் இன்னும் நம்பும்படி இருக்கும்.

புத்திக்கு இதைவிட நல்ல சான்று சூட்கேஸ் விளையாட்டு. பயணத்தில் அடிபட்ட சூட்கேஸின் மூடி ஒரு பக்கம் உயர்ந்து சரிவாக நிற்கிறது. மேலே பந்தை வைத்தால் கீழே உருண்டு வரும் என்று மிஜ் கண்டுபிடிக்கிறது. பந்தை விட்டுவிட்டு மறுமுனைக்கு ஓடி, பதுங்கி, வரும்போது பாய்ந்து பிடித்து, மறுபடி மேலே கொண்டுபோய் வைக்கிறது. யாரும் கற்றுக்கொடுக்காத, தானே விதி வகுத்த ஆட்டம். மல்லாந்து படுத்துக் கோலிக்குண்டுகளை வயிற்றில் உருட்டுவது நீர்நாய்களின் பொதுவான இயல்பு. சூட்கேஸ் ஆட்டம் மிஜ்பில் என்ற ஒரே ஒரு நீர்நாயின் கண்டுபிடிப்பு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுவிடாதீர்கள்.

தெருவில் நடப்பதையும் இதே கண்ணால் பாருங்கள். வீட்டுக்கு எதிரே ஒரு ஆரம்பப் பள்ளி, அதன் முன்னால் இரண்டடி உயரச் சுவர். வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் மிஜ் அதில் ஏறி முப்பது கஜமும் ஓடும். போகும்போது ஒருநாளும் ஏறாது. பள்ளிப் பிள்ளைகள் நடைபாதைக் கல்லின் நடுவில் மட்டும் கால் வைத்து நடப்பதோடு மேக்ஸ்வெல் இதை ஒப்பிடுகிறார். அழகான ஒப்புமை. ஆனால் மிஜ் ஏன் அப்படிச் செய்தது என்பதற்கு அது விளக்கம் ஆகாது, அவரும் விளக்கம் என்று சொல்லவில்லை.

இன்னொன்று. நீர்நாயின் உறவினர் பட்டியலில் பேட்ஜர், வீசல், மிங்க் ஆகியவற்றோடு கீரியையும் சேர்க்கிறார். இன்றைய விலங்கியல் வகைப்பாட்டில் கீரி தனிக் குடும்பம். நீர்நாயைவிடப் பூனைப் பக்கத்து உறவுதான் நெருக்கம். உயிரியல் ஆர்வமுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் ஆங்கில வகுப்பிலும் கை தூக்குவார்கள். தேர்வில் மட்டும் பாடத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பெட்டிக் காட்சியில் நின்று படியுங்கள்

லண்டனுக்கு நேராகப் போகும் பிரிட்டிஷ் விமானத்தில் விலங்குகளை ஏற்ற மாட்டார்கள். அதனால் பாரிஸ் வழியாக இன்னொரு நிறுவனத்தின் விமானம். அவர்கள் போட்ட நிபந்தனை: பதினெட்டு அங்குலச் சதுரத்துக்கு மேல் போகாத பெட்டி, அதுவும் காலடியில். ஒரு ஸ்கேலை எடுத்துப் பதினெட்டு அங்குலத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டுங்கள். வகுப்பில் சத்தம் அடங்கிவிடும்.

பழகட்டும் என்று ஒரு மணி நேரம் முன்பே மிஜ்ஜை உள்ளே வைத்துவிட்டு மேக்ஸ்வெல் அவசரமாகச் சாப்பிடப் போகிறார். திரும்பி வந்தால் பெட்டியில் சத்தமே இல்லை. துளைகளிலும் மூடி இடுக்கிலும் காய்ந்த ரத்தம். உள்புறத் தகட்டைக் கிழித்து, கூர்முனைகளில் தன்னையே அறுத்துக்கொண்டிருக்கிறது மிஜ். திறந்ததும் அது என்ன செய்கிறது? முனகிக்கொண்டு அவர் காலைப் பற்றிக்கொள்கிறது.

உள்ளே வைத்தவர் அவர். வெளியே எடுத்தவரும் அவர். மிஜ்ஜுக்கு இதில் முதல் பாதி தெரியுமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் படிக்கும் நமக்கு இரண்டு பாதியும் தெரியும். விமானம் புறப்படப் பத்து நிமிடம், விமான நிலையம் ஐந்து மைல். அவர் கிழிந்த தகட்டை அகற்றிவிட்டு மறுபடியும் மிஜ்ஜை அதே பெட்டியில்தான் வைக்கிறார், மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு.

இந்தக் காட்சியை "போக்குவரத்துச் சிரமம்" என்ற தலைப்பில் இரண்டு வரியாகச் சுருக்குகிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. பாசம் என்று கதை முழுக்கச் சொன்னது இங்கேதான் சோதனைக்கு வருகிறது. காட்டு விலங்கை நேசிப்பவருக்கு அதைத் தன்னோடு கொண்டுபோக ஆசை. கொண்டுபோக வேண்டுமானால் அடைக்க வேண்டும். சாக்கு, வார், பெட்டி, மறுபடி வார் என்று பாடம் நெடுக மிஜ்ஜைச் சுற்றி ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. அவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தால் தூரக் கணக்குக்கு அது எதிர்க் கணக்காக நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதும் பதிலுக்குத்தான் கனம் வரும்.

முதல் படியில் கேட்ட கேள்விக்கும் இங்கே பதில் தேடலாம். ரத்தத்துக்கு உடனே பின்னால் சிரிப்பை வைத்தது, நடந்த வரிசை அப்படி என்பதால் மட்டும் இருக்கலாம். ஆனால் விளைவைப் பாருங்கள். கறிக்குழம்புக் கலவரத்தில் வாசகர் பெட்டியை மறந்துவிடுகிறார். நாமும் மேக்ஸ்வெல்லை அவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிடுகிறோம்.

விமானப் பணிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மிஜ்ஜை மடியில் வைத்துக்கொள்ளலாமே என்று சொன்னவர் அவர்தான். அவர் மேல் தனக்குள்ள மரியாதையைப் பாடத்தில் வேறு எவரைப் பற்றியும் எழுதாத அளவுக்கு மேக்ஸ்வெல் எழுதுகிறார். ஆனால் பெயர் இல்லை. மிஜ்ஜைச் சுமந்து வந்த இரண்டு அராபியர்களுக்கும் பாடத்தில் பெயர் இல்லை. கறிக்குழம்பு வைத்திருந்தவரோ தலைப்பாகை கட்டிய பருத்த இந்தியர். 1950களின் ஆங்கிலேயப் பயண எழுத்தில் நம் ஆட்கள் இப்படித்தான் வந்துபோவார்கள், சிரிப்புக்காக.

ஏழாம் படி: லண்டன் தெரு

இதில் அதிகம் குடைய வேண்டியதில்லை. குட்டி சீல், அணில், வால்ரஸ், நீர்யானை, பீவர், கரடிக்குட்டி, புள்ளி மாறிய சிறுத்தை, பிரான்டோசார் என்ற டைனோசர் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் வரும், நீர்நாய் மட்டும் வராது. கடைசியில் தெருவில் பள்ளம் தோண்டும் தொழிலாளி, என்னிடமே விளையாடுகிறாயா என்ற பார்வையோடு, அது என்னவாம் என்று உறுமுகிறார். மற்றவர்கள் தெரியாமலே ஒரு பெயரைச் சொன்னார்கள். இவர் மட்டும்தான் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு கேட்கிறார், அதுவும் கோபமாக. மேக்ஸ்வெல் அவருக்கு முதல் பரிசு கொடுப்பதற்கு நான் சொல்லும் காரணம் இது.

எட்டாம் படி: பாடத்துக்கு வெளியே போய்ப் பாருங்கள்

பாடத்தை நன்றாகப் படித்து முடித்த பிறகுதான் இந்தப் படி, முன்னால் வேண்டாம்.

மிஜ்பில் விலங்கியலுக்குப் புதிய துணையினம் என்று லண்டனில் தெரியவந்தது. லூட்ரோகேல் பெர்ஸ்பிசில்லாட்டா மேக்ஸ்வெல்லி என்று பெயர் வைத்தார்கள். மிஜ் கேமஸ்ஃபியர்னாவுக்குப் போய்ச் சேர்ந்தது, அருவியிலும் கடலிலும் வார் இல்லாமல் திரிந்தது. 1957இல், பழகிய இடத்தைவிட்டு அலைந்த ஒரு நாளில், சாலைப் பணியாளர் ஒருவர் அதை அடித்துக் கொன்றுவிட்டார். மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்பதை மறக்கப் பழக்கிய விலங்கு அது. ஏழாம் படியின் சிரிப்பை இது தெரிந்த பிறகு வாசித்தால், தெருத் தொழிலாளியின் கேள்வி வேறு மாதிரி இருக்கும். புத்தகம் எழுதும்போது மேக்ஸ்வெல்லுக்கு அந்த முடிவு தெரியும். லண்டன் பகுதியை அப்படியும் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார்.

அதன் பிறகும் அவர் நீர்நாய்களை வளர்த்தார். எடால் என்ற நீர்நாய், அங்கே உதவியாளாக இருந்த டெரி நட்கின்ஸ் என்ற பையனின் விரல் நுனிகளைக் கடித்துத் துண்டித்தது. நட்கின்ஸ் பிற்காலத்தில் பிபிசியின் விலங்கு நிகழ்ச்சிகளில் புகழ்பெற்றார். 1968 ஜனவரியில் கேமஸ்ஃபியர்னா வீடு தீப்பிடித்தது. எடால் அதில் இறந்தது.

மிஜ்பிலின் சதுப்பு நிலத்துக்கும் நல்ல காலம் இல்லை. 1991 கிளர்ச்சிக்குப் பின் சதாம் உசேன் அரசு கால்வாய் வெட்டி அதை வற்றடித்தது. 2003க்குப் பிறகு மக்களே கரைகளை உடைத்துத் தண்ணீரைத் திருப்பினார்கள். தெற்கு ஈராக்கின் சதுப்பு நிலங்கள் 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

நமக்கு நேர்த் தொடர்பு ஒன்று உண்டு. மிஜ்பில் எந்த இனத்தின் கிளையோ, அதே இன நீர்நாய்கள்தான் காவிரியிலும் மோயாற்றிலும் கூட்டமாக மீன் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சங்கப் பாட்டில் மருத நிலத்துப் பொய்கையில் வாளை மீனை இரையாகத் தேடும் நீர்நாய் வருகிறது. குறுந்தொகையிலும் ஐங்குறுநூற்றிலும் பார்க்கலாம். பாடத்தைப் படித்துவிட்டு எனக்கும் ஒன்று வேண்டும் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம் என்று சொல்லிவிடுங்கள். செல்லப் பிராணிச் சந்தைக்காகக் குட்டிகளைப் பிடிப்பது பெருகியதால், 2019இல் இந்த இனத்தின் பன்னாட்டு வணிகத்தையும், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்துத் தடை செய்தார்கள்.

ஒன்பதாம் படி: இன்னொரு கதையோடு ஒப்பிடுங்கள்

ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் நெடுநாள் இருந்த கென்னத் ஆண்டர்சனின் கரடிக் கதை இதற்குச் சரியான ஜோடி. மைசூர் அருகே கரும்புத் தோட்டத்தில் தாயைச் சுட்டுவிட்ட பிறகு கிடைத்த கரடிக்குட்டி புரூனோ. எலிக்கு வைத்த பேரியம் கார்பனேட்டைத் தின்று பக்கவாதத்தில் விழுந்து பிழைத்தது, பழைய என்ஜின் ஆயிலைக் குடித்தும் ஒன்றும் ஆகாமல் தப்பியது என்று அதிலும் சிரிப்பும் பயமும் கலந்து வரும். வளர்ந்ததும் மைசூர் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்புகிறார்கள். அது சாப்பிடாமல் ஏங்குகிறது. மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போன ஆண்டர்சனின் மனைவியை உடனே அடையாளம் கண்டுகொள்கிறது. கடைசியில் வீட்டிலேயே அகழி சூழ்ந்த ஒரு தீவு அமைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள்.

ஒப்பிடும்போது இரண்டிலும் பாசம் இருக்கிறது என்று எழுதி நிறுத்தினால் ஒப்பீடே இல்லை. புரூனோவின் கதையில் பாசம் பிரிவினால் தெரிகிறது, தின்ன மறுப்பதில் தெரிகிறது. மிஜ்ஜின் கதையில் நெருங்கி வருவதில் தெரிகிறது. இரண்டிலும் காட்டிலிருந்து எடுத்தது மனிதக் கை. புரூனோவுக்காக மனிதர்கள் தங்கள் வீட்டையே மாற்றிக் கட்டினார்கள். அதற்கும் அகழி தேவைப்பட்டது.

பத்தாம் படி: எழுதிப் பாருங்கள்

குறுவினாக்களுக்குப் பாடத்தின் சொல்லையே பயன்படுத்துங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். நெடுவினாவுக்கு மட்டும் இந்த முறை: முதல் வாக்கியத்தில் உங்கள் முடிவு, பிறகு தூரக் கணக்கிலிருந்து மூன்று சம்பவம், கடைசியில் எதிர்க் கணக்கிலிருந்து ஒன்று. அவ்வளவுதான். முதலில் தமிழில் யோசித்து வரிசைப்படுத்திவிட்டு ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி.

ஒரு மாதிரி, தமிழில்: "மிஜ்பிலும் மேக்ஸ்வெல்லும் நெருங்கியது மிஜ்பிலின் விருப்பத்தால். முதல் நாள் கட்டிலிலிருந்து தள்ளிப் படுத்தது, மறுநாளே தானாக வந்து அவர் முழங்காலருகே தூங்கியது. விரைவில் வார் இல்லாமல் பின்தொடர்ந்தது. விமானத்தில் யாராலும் பிடிக்க முடியாதபோது தானே மடிக்குத் திரும்பியது. ஆனால் அவரோடு இருப்பதற்காகவே அது பெட்டியில் அடைபட்டுக் காயமும் பட்டது." ஐந்தே வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் பாடத்தில் ஆதாரம் இருக்கிறது, பாசம் என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை.

நேரமிருந்தால் இன்னொரு பயிற்சி. விமானக் காட்சியை மிஜ்பிலின் பார்வையில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நிபந்தனை: நீர்நாய்க்குத் தெரியாத எதற்கும் பெயர் வரக் கூடாது. விமானம், பணிப்பெண், லண்டன் எதுவும் கிடையாது; நடுங்கும் தரை, கால்கள், சத்தம், மணம் மட்டும்தான். எழுதத் திணறினால் மேக்ஸ்வெல் பணிப்பெண்ணிடம் கொடுத்த மீன் பொட்டலத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அது எங்கே போனது என்று பாடம் சொல்லவில்லை, பிள்ளைகள் சொல்லட்டும்.